சிற்றுயிர்ப் படங்களும் பிளாஷ் ஒளியின் தெறிப்பும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது பாலசமுத்திரம். 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர ராஜ்யம் தோன்றும் வரை இவ்வட்டாரம் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. சித்தூர் மாவட்டம் மாவுக்குப் பேர்பெற்றது. தமிழகத்தில் கிளிமூக்கு மாங்காய் என்று வழங்கும் தோத்தாபுரி இனம் இங்கு மிகுதியாகப் பயிராகிறது. அதனைப் பிழிந்து பழக்கூழ் தயாரிக்கும் ஆலைகளும் இம்மாவட்டத்தில் பல உள்ளன.

மாமரம் பூத்துக் குலுங்கும் பருவமே தோட்டக்காரருக்குக் கவலை மிகுந்த பருவமுமாகும். ஏனெனில் தத்துப்பூச்சிகள் பூங்கொத்துக்களில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சுவது அப்பொழுதுதான். சாறிழந்த பூக்களும் பிஞ்சுகளும் வாடி உதிர்கின்றன. பூச்சிகள் வெளிவிடும் தேன் போன்ற கழிவு இலைகளின்மீது படிந்து பிசுபிசுக்கிறது. அதன்மேல் கரும்பூஞ்சணம் படர்ந்து இலைகள் கறுத்துவிடுகின்றன.

இவ்வளவு நட்டம் விளைவிக்கும் பூச்சி, நீளத்தில் நான்கைந்து மில்லிமீட்டருக்கு மேற்பட்டதன்று. ஆப்பு வடிவான இப்பூச்சியில் மாவைத் தாக்கும் முக்கிய இனங்கள் மூன்று. அவற்றை இனம் பிரித்தறிய உதவும் அடையாளங்களும் மிக நுண்ணியவை. இறக்கைகள் உடலோடு சேருமிடத்தில், முதுகின்மீது முக்கோணத் தகடு ஒன்று உண்டு. அதில் இரண்டு கரும்புள்ளிகள் உள்ளனவா, மூன்று உள்ளனவா, உச்சந்தலையிலும் புள்ளிகள் உண்டா, இறக்கையின் குறுக்கே வெண்பட்டை ஓடுகிறதா என்று பார்த்தே பூச்சியியலார் முடிவு கூறுவர்.

முன்னாட்களில் பூச்சியைப் பிடித்துச் சாராயக் குப்பியிலிட்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிய நிலை இப்பொழுது பெரிதும் மாறிவிட்டது. தோட்டக்காரர் தம் கைப்பேசியினாலேயே படமெடுத்து அனுப்புகிறார். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று மைய அரசாங்கம் தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்புத் திட்டம், விவசாயிகள் அனுப்பும் இத்தகைய படங்களைக் கணிப்பொறியின் துணைகொண்டு ஆராய்ந்து பூச்சியின் பெயரைத் தெரிவிக்க முற்படுகிறது. எனவே, படம் எவ்வளவு தெளிவாக அமைகிறதோ அவ்வளவுக்கே முடிவும் சரியாக இருக்கும்.

இவ்விடத்தில்தான் ஓர் இடையூறு நேர்கிறது. பிளாஷ் விளக்கைக்கொண்டு எடுத்த படத்தை உற்றுநோக்கினால், பூச்சியின் முதுகில் பளிச்சென்று ஒரு வெண்புள்ளி காணப்படும். அது பூச்சிக்கு இயற்கையாக அமைந்த புள்ளியன்று. விளக்கின் ஒளி பட்டுத் தெறித்ததால் உண்டானது. பெரும்பாலும் அது முதுகுத் தகட்டின் மீதே விழுந்து, எண்ணிப் பார்க்கவேண்டிய கரும்புள்ளிகளை முற்றிலும் மறைத்துவிடுகிறது. கணிப்பொறியோ அதனைப் பூச்சியின் சொந்த அடையாளமாகவே கொள்ளவும் இடமுண்டு.

தெறிப்பு உண்டாகும் விதம்

ஒரு பொருளின்மீது விழும் ஒளி இரு வகையாகத் திரும்புகிறது. ஒரு பகுதி பொருளின் உட்புறத்தில் சிறிது தூரம் புகுந்து, அங்குள்ள நிறப்பொருள்களால் சிதறி, எல்லாத் திசைகளிலும் வெளிவருகிறது. பொருளின் நிறத்தையும் புள்ளிகளையும் கோடுகளையும் காட்டுவது இவ்வொளியே. மற்றொரு பகுதி உள்ளே புகாமல், மேற்பரப்பிலேயே கண்ணாடியில் படுவதுபோல் பட்டுத் திரும்புகிறது. இதில் பொருளின் நிறம் கலப்பதில்லை. விளக்கின் நிறமே இருக்கும். இவ்விரண்டாவது ஒளியே தெறிப்பு எனப்படுகிறது.

பூச்சியின் உடலை மூடியுள்ள ஓடு கைட்டின் என்னும் பொருளாலானது. செங்குத்தாக விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கையே வழவழப்பான கைட்டின் பரப்பு இவ்வாறு திருப்புகிறது. ஐந்து பங்கு சொற்பமே எனத் தோன்றலாம். ஆயினும் உள்ளிருந்து சிதறி வரும் ஒளி எல்லாத் திசைகளுக்கும் பங்கிடப்பட்டு மெலிந்துவிடுகிறது. தெறிப்பொளியோ பங்கிடப்படாமல் ஒரே திசையில் வருகிறது. ஆதலால் அது காமிராவை நோக்கி வருமாயின் மற்ற ஒளியனைத்தையும் விஞ்சிவிடும்.

மேலும், பூச்சியின் முதுகு தட்டையானதன்று, குவிந்தது. குவிந்த பரப்பு குவியாடியைப்போல் நடந்துகொள்கிறது. பித்தளைச் சொம்பின் வயிற்றில் சன்னலின் சிற்றுருவம் தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர். பூச்சியின் முதுகில் தெரியும் வெண்புள்ளியும் அத்தகையதே. அது பிளாஷ் விளக்கின் உருவமே அன்றி வேறன்று. இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், விளக்கை இடம் மாற்றுவதால் மட்டும் குறை தீராமைக்குக் காரணம் விளங்கும். சொம்பை எப்படித் திருப்பினாலும் அதில் எங்கேனும் ஓரிடத்தில் சன்னல் தெரிந்துகொண்டே இருப்பதுபோல், விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தினால் வெண்புள்ளியும் நகருமேயன்றி மறையாது. இலை போன்ற தட்டையான பரப்புக்கு மட்டுமே விளக்கின் கோணத்தை மாற்றுவது போதுமான பரிகாரமாகும்.

படமெடுத்தபின் கணிப்பொறியில் திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணுவதும் தவறு. காமிராவின் உணர்தகடு ஓரளவுக்கு மேற்பட்ட ஒளியை அளந்தறியாது. அவ்வளவைக் கடந்த இடங்கள் யாவும் ஒரே வெண்மையாகப் பதிவாகும். பின்னர் அவ்வெண்மையை எவ்வளவு குறைத்தாலும் சாம்பல் நிறம் கிடைக்குமேயொழிய, அதனடியில் மறைந்த புள்ளி திரும்ப வராது.

பிளாஷ் விளக்கின் இன்றியமையாமை

அங்ஙனமாயின் பிளாஷ் விளக்கையே தவிர்த்துவிடலாகாதா என்னும் வினா எழலாம். சிற்றுயிர்ப் படங்களில் அது எளிதன்று. பூச்சியின் உருவம் உணர்தகட்டில் அதன் உண்மையளவிலேயே விழுமாறு படமெடுப்பதாகக் கொள்வோம். 35 மில்லிமீட்டர் காமிராவில் லென்ஸின் துவாரத்தை எப்/16 அளவுக்குச் சுருக்கினாலும், தெளிவாகப் பதியும் ஆழம் சுமார் இரண்டு மில்லிமீட்டரே. துவாரத்தை எப்/4 அளவுக்குத் திறந்தால் அரை மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். ஆகவே துவாரத்தைச் சுருக்கியே தீரவேண்டும். சுருக்கினால் ஒளி குறையும். உண்மையளவுப் படத்தில் லென்ஸ் முன்தள்ளி நிற்பதாலும் ஒளி நான்கில் ஒன்றாகக் குறைகிறது. இதற்கிடையே பூங்கொத்தோ காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதனினும் குறுகிய காலமே மின்னி மறையும் மின்னணுப் பிளாஷ் விளக்கு இவ்விடர்ப்பாடுகள் அனைத்தையும் ஒருங்கே நீக்குகிறது. 1930-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹரால்டு எட்ஜர்ட்டன் இவ்வகை விளக்கைச் சீர்படுத்தி, விரைந்தியங்கும் பொருள்களை அசைவற்றவைபோல் படம் பிடித்துக்காட்டினார். இன்று சிற்றுயிர்களைப் படமெடுப்போர் பலரும் அவ்வுத்தியையே கையாளுகின்றனர். ஆகவே விளக்கைக் கைவிடாமல், அதன் தெறிப்பைத் தணிக்கும் வழியை நாடுவதே அறிவுடைமையாகும்.

சிறு விளக்கும் பெரு விளக்கும்

வெண்புள்ளி விளக்கின் உருவமே என்று மேலே கூறப்பட்டது. விளக்குப் பெரிதானால் அவ்வுருவமும் பெரிதாகும். ஆனால் பூச்சிக்குக் கிடைக்கும் மொத்த ஒளி முன்போலவே இருக்குமாறு செய்தால், அதே ஒளி பெரிய பரப்பில் பங்கிடப்படுவதால், உருவத்தின் ஒவ்வோர் இடத்திலும் பிரகாசம் குறையும். விளக்கின் பரப்பு நான்கு மடங்கானால் தெறிப்பின் கூர்மை நான்கில் ஒரு பங்காகிறது. தெறிப்பைத் தணிக்கும் கலை முழுவதும் இவ்வொரு விதியில் அடங்கியுள்ளது.

நண்பகல் வெயிலில் வைத்த பித்தளைக் குடத்தைக் கண்கொண்டு பார்க்க இயலாது. வானில் சூரியன் அரைப் பாகை அகலமே உள்ள சிறு விளக்கு என்பதே இதற்குக் காரணம். மெல்லிய வெண்மேகம் வானத்தை மூடியதும் அதே குடம் கண்ணுக்கு இதமாகத் தோன்றுகிறது. அதன் கீறல்களும் ஒடுக்குகளும் கூடத் தெளிவாகத் தெரிகின்றன. சிறு விளக்கு, வானமளாவிய பெரு விளக்காக மாறிவிட்டதன் விளைவே இது. பிளாஷ் விளக்குக்கும் பூச்சிக்கும் இடையே அத்தகைய வெண்மேகம் ஒன்றை உண்டாக்குவதுதான் படமெடுப்பவரின் வேலை.

இங்கே 'பெரிது' என்பது பூச்சியின் பார்வையிலிருந்து கணிக்கப்படவேண்டியது. 6 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் கொண்ட பிளாஷ் முகம் 40 செ.மீ. தொலைவில் இருப்பின், பூச்சி இருக்குமிடத்தில் அதன் அகலம் ஆறு பாகைக்கும் குறைவான கோணமே தாங்கும். 16 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் உள்ள வெண்காகிதத்தை 10 செ.மீ. தொலைவில் நிறுத்தி, விளக்கின் ஒளி அதன் வழியே பரவி வருமாறு செய்தால், அக்காகிதத்தின் நீளம் ஏறத்தாழ 77 பாகைக் கோணம் தாங்கும். தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கை உள்ளிருந்து சிதறச்செய்யும் கருமையான பூச்சியை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், முதல் அமைப்பில் தெறிப்பு அதன் உடல்நிறத்தைப்போல் நூறு மடங்கு பிரகாசமாயிருக்கும். இரண்டாவது அமைப்பில் ஒன்றரை மடங்குக்கு மேற்படாது. நூறு மடங்கைக் காமிரா தாங்காது. ஒன்றரை மடங்கை எளிதில் தாங்கும். தெறிப்பு அழிந்துவிடவில்லை என்பதும், பரவி மெலிந்து, அடியிலுள்ள புள்ளிகளைக் காட்டும் மெல்லிய மினுமினுப்பாகிவிட்டது என்பதும் கவனிக்கத்தக்கவை.

காகிதத்தின் அளவைப் போலவே அதன் அண்மையும் முக்கியமானது. அதே காகிதத்தைப் பூச்சியிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தால், அது மீண்டும் சிறு விளக்காகிவிடும். விலைமிக்க சாதனங்களை வாங்கியும் சிலருக்குப் பலன் கிட்டாமற் போவது பெரும்பாலும் இவ்விதியை மறப்பதனாலேயே ஆகும்.

எளிய சாதனங்கள்

ஒளியைப் பரப்பும் திரைக்கு அரிய பொருள்கள் தேவையில்லை. படம் வரைவோர் பயன்படுத்தும் டிரேசிங் காகிதம், பலகாரங்களுக்கு அடியில் விரிக்கும் பட்டர் காகிதம், பால் நிறமான பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து வெட்டியெடுத்த தகடு ஆகிய எதுவும் ஏற்றதே. அதில் மஞ்சள், நீலம் முதலிய நிறச்சாயல் இல்லாதிருத்தல் வேண்டும். இருப்பின் பூச்சியின் நிறமும் மாறித் தோன்றும்.

ஒரே திரையை விளக்கின் முகத்தோடு ஒட்டிவிடுவதால் பயன் சிறிதே. விளக்கின் பரப்பு அதனால் பெருகுவதில்லை. திரையை விளக்கிலிருந்து சில அங்குலம் முன்னே தள்ளி அமைத்தால்தான் ஒளி விரிந்து திரை முழுவதும் பரவும். அவ்வாறு அமைத்தபோதும் திரையின் நடுவில் மட்டும் பிரகாசம் மிகுந்திருக்குமாயின், படத்திலும் நடுவில் ஒரு வெண்புள்ளி எஞ்சும். விளக்குக்கு அருகில் ஒரு திரையும், இடைவெளி விட்டுப் பூச்சிக்கு அருகில் மற்றொரு திரையும் வைத்தால் இக்குறை நீங்கும். முதல் திரை ஒளியை விரிக்கும்; இரண்டாவது அதனைச் சமப்படுத்தும். வெளித்திரையைப் பூச்சியைக் கவிந்து நிற்குமாறு வளைத்துவிட்டால் பக்கங்களிலும் ஒளி சீராக விழும். பூச்சியின் அடிப்புறத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் வயிற்றுப்புறத்து நிழலும் தெளியும்.

திரைகள் ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பது உண்மையே. ஆயினும் விளக்கையும் திரையையும் பூச்சிக்கு அருகே கொண்டுவருவதால் இழப்பு பெருமளவு ஈடாகிறது. சிறு விளக்கின் தொலைவு பாதியானால் பொருளின்மீது விழும் ஒளி நான்கு மடங்காகும் என்பது யாவரும் அறிந்த விதி.

கைப்பேசியில் படமெடுப்போர் மற்றொன்றையும் நினைவிற்கொள்ளுதல் நலம். அதன் விளக்கு லென்ஸை ஒட்டியே அமைந்த மிகச் சிறு விளக்காதலால், காமிராவை நேர்நோக்கிய பரப்பில் தெறிப்பைத் தவறாமல் உண்டாக்கும். அதனை அணைத்துவிட்டு, வெயில் நேரே படாத மரநிழலில், திறந்த வானத்தை நோக்கிப் பூச்சியை வைத்துப் படமெடுத்தால் வானமே பெரு விளக்காக உதவும். வெளிச்சம் போதாவிடில், தனியான கைவிளக்கு ஒன்றை டிரேசிங் காகிதத்தின் வழியே பக்கவாட்டிலிருந்து காட்டலாம்.

போலராய்டு முறை

தெறிப்பை அறவே நீக்கவும் ஒரு முறை உண்டு. ஒளியலைகள் சாதாரணமாக எல்லாத் தளங்களிலும் அதிர்கின்றன. ஒரே தளத்தில் அதிரும் அலைகளை மட்டும் செல்லவிடும் தகடுகளை அமெரிக்க விஞ்ஞானி எட்வின் லாண்டு 1930-களில் பெருவழக்கிற்குக் கொண்டுவந்தார். அவையே போலராய்டு தகடுகள். ஒரு தகட்டைப் பிளாஷ் விளக்கின் முன்னும், மற்றொன்றை முன்னதற்குச் செங்கோணமாகத் திருப்பி லென்ஸின் முன்னும் பொருத்துவர். மேற்பரப்பிலேயே தெறித்துத் திரும்பும் ஒளி, தன் அதிர்வுத் தளத்தை மாற்றிக்கொள்ளாமல் வருவதால், லென்ஸின் முன்னுள்ள தகட்டில் தடுக்கப்படுகிறது. உள்ளே புகுந்து சிதறி வரும் ஒளியோ தளம் கலைந்து வருவதால் ஒரு பகுதி உள்ளே நுழைகிறது. பூச்சி தன் நிறங்களை மட்டும் காட்டி நிற்கும்.

இம்முறையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளியே எஞ்சும். ஆகவே ஆற்றல் மிக்க விளக்கு வேண்டும். இதனினும் பெரிய குறை வேறொன்று உண்டு. அது அடுத்துக் கூறப்படுகிறது.

பளபளப்பும் ஓர் அடையாளமே

கத்தரிச் செடியில் காணப்படும் இரு வகைப் புள்ளி வண்டுகளை உதாரணமாகக் கொள்ளலாம். ஒன்று ஆறு புள்ளிப் பொறிவண்டு. இது அசுவினிகளைத் தின்று பயிரைக் காக்கும் நண்பன். மற்றொன்று எபிலாக்னா வண்டு. இலையின் பசுமையைச் சுரண்டித் தின்று நரம்புகளை மட்டும் சல்லடைபோல் விட்டுவைக்கும் பகைவன். இதன் ஓரினத்தின் விஞ்ஞானப் பெயருக்கே இருபத்தெட்டுப் புள்ளிகளையுடையது என்பது பொருள். இரண்டும் உருண்டு குவிந்த சிறு வண்டுகள்; அவசரமாகப் பார்ப்போர் ஒன்றை மற்றொன்றாகக் கருதி, நண்பனையே மருந்தடித்துக் கொன்றுவிடுவதுண்டு.

இவற்றை வேறுபடுத்தும் அடையாளங்களுள் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்று. மேற்பரப்பின் தன்மை மற்றொன்று. பொறிவண்டின் முதுகு மெருகிட்டதுபோல் வழவழப்பானது. எபிலாக்னாவின் முதுகிலோ நுண்ணிய மயிர்கள் அடர்ந்திருப்பதால் அது மங்கலாகத் தோன்றும். திரையில்லாத பிளாஷ் விளக்கில் எடுத்த படத்தில், தெறிப்பு பொறிவண்டின் புள்ளிகளை மறைக்கிறது. போலராய்டு தகடுகளைக் குறுக்காக வைத்து எடுத்த படத்தில், புள்ளிகள் யாவும் தெரிந்தாலும் மெருகு மறைந்துபோவதால் இரண்டும் ஒரேவிதமாக மங்கித் தோன்றக்கூடும். ஒளியைப் பரப்பி எடுத்த படம் ஒன்றே புள்ளிகளையும் மெருகையும் ஒருசேரக் காட்டுகிறது.

தென்னாட்டுச் சிறுவர்கள் தீப்பெட்டியில் இட்டு, கொடுக்காய்ப்புளித் தழை போட்டு வளர்த்த பொன்வண்டு இதற்கு மற்றுமோர் உதாரணம். அதன் மரகதப் பசுமை சாயத்தால் உண்டானதன்று. இறக்கையுறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த மிக மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. சிப்பிகளில் காணும் வண்ண ஒளிர்வைப் பற்றி 1930-களில் சர் சி. வி. இராமன் ஆராய்ந்ததும் இவ்வினத்தைச் சேர்ந்த நிறத்தோற்றங்களையே. பொன்வண்டின் அழகு முழுவதும் தெறிப்பொளியே ஆதலால், போலராய்டு தகடுகள் அதனைப் பெரும்பாலும் அணைத்துவிடும். சிறு பிளாஷ் விளக்கிலோ இரண்டொரு கூரிய ஒளிப்பொட்டுகள் தவிர எஞ்சிய உடல் இருண்டு கிடக்கும். பெரிய வெண்திரையின் கீழ்தான் பசுமை முதுகு முழுவதும் பரவி ஒளிர்கிறது.

இரவில் உலவும் உயிர்கள்

பாலசமுத்திரத்துக்கு வடக்கே, திருமலையை உள்ளிட்ட சேஷாசலம் மலைகள் 2010-ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. 1870-ஆம் ஆண்டில் பெட்டோம் என்னும் ஆங்கிலேய இயற்கை ஆராய்ச்சியாளர் விவரித்த பொன்பல்லி வாழும் இடங்களுள் இம்மலைகளும் ஒன்று. பாறையிடுக்குகளில் பகலெல்லாம் ஒடுங்கியிருந்து இரவில் வெளிவரும் இப்பல்லியின் உறவினம் ஒன்று இலங்கையிலும் உண்டு. இத்தகைய உயிர்களைப் படமெடுப்பதில் தெறிப்பைத் தணிப்பதோடு மற்றொரு பொறுப்பும் சேர்கிறது. இருளுக்குப் பழகிய கண்களில் அடுத்தடுத்துப் பிளாஷ் ஒளியைப் பாய்ச்சுதல் தகாது. திரையின் அமைப்பையும் ஒளியின் அளவையும் ஒரு கூழாங்கல்லின்மீதோ உலர்ந்த விதையின்மீதோ முன்கூட்டியே சோதித்துச் சரிசெய்துகொண்டு, உயிரின் முன் இரண்டொரு படங்களோடு நிறுத்திக்கொள்வதே முறையாகும். படத்துக்காக அதனைப் பிடித்து இடம் மாற்றுவதோ, குளிரூட்டி அசைவற்றதாக்குவதோ விஞ்ஞானத்துக்கும் ஒவ்வாது. அவ்வாறு எடுத்த படம் அதன் இயற்கை நிலையைக் காட்டாது.

படம் ஒரு சாட்சியம்

சிற்றுயிரின் படம் கண்ணுக்கு விருந்தாக இருப்பதோடு அமைவதில்லை. அது ஒரு சாட்சியமுமாகும். எந்தப் பூச்சி, எந்தச் செடியில், எந்த நாளில் இருந்தது என்பதற்கு அதுவே ஆதாரம். மாந்தோப்பில் மருந்தடிப்பதா, கத்தரிச் செடியில் வண்டை விட்டுவைப்பதா என்னும் முடிவு, சில சமயம் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய புள்ளி படத்தில் தெரிவதைப் பொறுத்திருக்கிறது. அப்புள்ளியை மறைப்பதும் காட்டுவதும் விளக்குக்கும் பூச்சிக்கும் இடையே நிற்கும் ஒரு துண்டு வெண்காகிதமே. அது போதிய அளவு பெரிதாகவும் போதிய அளவு அருகிலும் இருந்தால், பூச்சி தன் அடையாளத்தைத் தானே காட்டும்.